கட்டியை எடுக்கலாம், இரத்தத்தையும் காக்கலாம்



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்த ஒரு மாலை நேரம். கடைசி லயத்தின் நான்காவது காம்பராவில் முப்பத்திரண்டு வயதுச் சகோதரி ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, உதடுகள் நிறமிழந்து இருந்தன. "சுகமில்லையா தங்கச்சி?" என்று கேட்டேன். "ஒன்னுமில்ல சாமி, களப்புதான்" என்றார். ஆனால் அவருடைய மாமியார் விடவில்லை. "மாசத்துல பத்து நாளு ரத்தம் போவுது சாமி. கல்யாணம் கட்டி ஏழு வருசம், புள்ள இல்ல. பதுளையில ஸ்கேன் பண்ணி, கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லிட்டாங்க. ஒப்பரேசனுக்குத் தேதியும் குடுத்தாங்க. இவ போகவே இல்ல" என்றார்.

"ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். அந்தச் சகோதரி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒடம்புல ரத்தமே இல்லங்கிறாங்க. ரத்தம் இல்லாத ஒடம்புல கத்திய வச்சா நான் திரும்பி வருவேனா சாமி?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. "பயப்படாதே, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. ஆனால் அது விடையல்ல. அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனவே பதுளையில் பெண் நோயியல் துறையில் பணியாற்றும் வைத்தியர் ஒருவரிடம் சென்று அதே கேள்வியைக் கேட்டேன். பின்னர் கிடைத்த மருத்துவ நூல்களையும் படித்தேன். அறிந்துகொண்டவற்றை இங்கே நமது மக்களுக்குப் புரியும் முறையில் எழுதுகிறேன். பெண்களின் உடலைப் பற்றி ஒரு குருவானவர் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். வெட்கத்தினால் பேசாமல் விட்ட காரணத்தாலேயே பல சகோதரிகள் தேவையில்லாமல் துன்பப்படுகிறார்கள் என்பதே எனது பதில்.

இது என்ன கட்டி?

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலிருந்தே உருண்டையாக வளரும் கட்டியை வைத்தியர்கள் 'ஃபைப்ரொயிட்' என்கிறார்கள். பட்டாணி அளவிலும் இருக்கலாம், தேங்காய் அளவிலும் வளரலாம். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. இத்தகைய கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. ஐம்பது வயதை எட்டும் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிறியதாகவோ பெரியதாகவோ இக்கட்டி இருக்கிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தேவையில்லை. மாதவிடாய் நின்ற பிறகு கட்டி தானாகவே சுருங்கிவிடும்.

தொல்லை தருவது கட்டி இருக்கும் இடமும் அதன் அளவும்தான். கர்ப்பப்பையின் உள்வெளியை நோக்கி வளரும் கட்டி, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கை உண்டாக்குகிறது. சில பெண்களுக்குக் கருத்தரிப்பதைத் தடுக்கிறது அல்லது கரு கலைவதற்குக் காரணமாகிறது. பெரிய கட்டி சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் அழுத்துகிறது. சாதாரண மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லிலீற்றர் வரை இருக்கும். 80 மில்லிலீற்றரைத் தாண்டினால் அது அதிகப்போக்கு. ஆனால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. துணி மணிக்கொரு தடவை நனைகிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, ஏழு நாளைக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நமது பெண்களின் இரத்தக் கணக்கு

வளர்ந்த பெண்ணின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 65 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கிறது. 45 கிலோ எடையுள்ள கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரியின் உடலில் இருப்பது மூன்று லீற்றருக்கும் சற்றுக் குறைவு. சத்திரசிகிச்சையில் அரை லீற்றர் போனால் அவருடைய மொத்த இரத்தத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. 70 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே அரை லீற்றர் ஒன்பதில் ஒரு பங்குதான். ஒரே இழப்பு எல்லோருக்கும் ஒரே இழப்பாக இருப்பதில்லை.

அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு இது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை, 8 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. நான் குறிப்பிட்ட சகோதரிக்கு இருந்தது 7.2 கிராம்.

தோட்டங்களில் இரத்தசோகை புதிய விடயமல்ல. 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது. செருப்பில்லாத கால்களின் வழியே உடலுக்குள் புகுந்து, குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் அந்தப் புழு, அக்காலத்தில் தோட்ட மக்களின் வலிமையை உறிஞ்சியது. இன்று புழு மருந்தும் மலசலகூடமும் வந்துவிட்டன. ஆயினும் போதிய ஊட்டமில்லாத உணவும், அடுத்தடுத்த பிரசவங்களும், சாப்பாட்டோடு சாப்பாடாகக் குடிக்கும் தேத்தண்ணியும் நமது பெண்களின் இரத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கின்றன. இவற்றோடு ஃபைப்ரொயிட் கட்டியும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. கட்டி இரத்தத்தைக் குறைக்கிறது. இரத்தம் குறைந்ததால் சத்திரசிகிச்சைக்குப் பயம். பயத்தால் தள்ளிப்போட, கட்டி மேலும் வளர்ந்து இரத்தம் மேலும் குறைகிறது. நான் கண்ட சகோதரி இந்தச் சுழலுக்குள்ளேதான் அகப்பட்டிருந்தார்.

கட்டியை மட்டும் எடுப்பதா, கர்ப்பப்பையையே எடுப்பதா?

இரண்டு வழிகள் உண்டு. கர்ப்பப்பையை முழுமையாக அகற்றிவிடுவது ஒன்று. பிள்ளைகளைப் பெற்று முடித்த, நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இது பல வேளைகளில் பொருத்தமான சிகிச்சை. கட்டி மீண்டும் வராது. மற்றையது, கட்டிகளை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்து விடுவது. பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கும், கர்ப்பப்பையை இழக்க விரும்பாதவர்களுக்கும் இதுவே வழி.

ஒரு காலத்தில் பெரிய கட்டி என்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. லண்டனில் பணியாற்றிய விக்டர் பொனி (1872–1953) என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இந்த வழக்கத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர். இளம் பெண்ணின் கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று அவர் வாதிட்டார். சத்திரசிகிச்சையின்போது கர்ப்பப்பைக்கு வரும் இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்க ஒரு கிடுக்கியையும் அவர் உருவாக்கினார். அது இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

அவர் கிடுக்கி செய்ததற்குக் காரணம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கும் சிகிச்சையில் பெரிய சவால் இரத்தப்போக்கே. கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் பெரிய நாடிகள் வருகின்றன. கட்டியும் தனக்கென்று இரத்தக் குழாய்களை இழுத்து வைத்திருக்கிறது. கட்டியைத் தோண்டி எடுத்ததும், அது இருந்த குழியின் சுவரிலிருந்து இரத்தம் கசிகிறது, சில வேளைகளில் பாய்கிறது. தைத்து மூடும் வரை அது நிற்காது. கட்டி பெரிதாகவும் பலவாகவும் இருந்தால் இழப்பு ஒரு லீற்றரையும் தாண்டலாம். அரிதாக, இரத்தத்தை நிறுத்த முடியாமல் போய், கர்ப்பப்பையைக் காப்பாற்றத் தொடங்கிய சிகிச்சை அதை எடுப்பதிலேயே முடிவதும் உண்டு. எனவே இரத்தத்தைக் காப்பது கர்ப்பப்பையைக் காப்பதும் ஆகும்.

மருந்துகள் எவ்வாறு உதவுகின்றன?

தோட்டத்தில் கான் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பீலியிலிருந்து வரும் தண்ணீரைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உண்டு. தண்ணீர் வரும் குழாயைச் சிறிதாக்கலாம். கானின் இரு கரைகளையும் நெருக்கலாம். உடைந்த இடத்தில் போட்ட மண் அணை கரைந்து போகாமல் காக்கலாம். வைத்தியர்கள் பாவிக்கும் மருந்துகளும் இந்த மூன்று வகையில் அடங்கும்.

முதலாவது, குழாயைச் சுருக்கும் மருந்து. வாசோபிரெசின் என்பது நமது உடலிலேயே சுரக்கும் ஒரு பொருள். அதை நீரில் கலந்து, கட்டியைச் சுற்றியுள்ள தசையில் ஊசி மூலம் செலுத்தினால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. வெட்டும் இடம் வெளுத்து, இரத்தம் குறைகிறது. பலன் நன்றாக இருந்தாலும் மிகுந்த கவனம் வேண்டும். தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால் இதயத் துடிப்பைப் பாதித்து உயிராபத்தை ஏற்படுத்தக்கூடும். இதய நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. எனவே மயக்க மருந்து நிபுணர் அருகிலிருந்து கவனிக்கும் இடத்தில் மாத்திரமே இதைப் பாவிப்பார்கள்.

இரண்டாவது, கர்ப்பப்பைத் தசையை இறுகச் செய்யும் மருந்து. மிசோப்ரொஸ்டோல் என்ற மாத்திரை முதலில் இரைப்பைப் புண்ணுக்காகத் தயாரிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர் இதைக் கொடுத்தால் கர்ப்பப்பைத் தசை சுருங்கி, உள்ளேயுள்ள குழாய்களை நெருக்குகிறது. விலை குறைவு, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. நடுக்கம், காய்ச்சல், வயிற்றோட்டம் ஆகியவை சிலருக்கு வரலாம். இந்த மாத்திரை சட்டவிரோதக் கருக்கலைப்புக்குத் துர்ப்பிரயோகம் செய்யப்படுவதால் இதன் பெயரைக் கேட்டாலே சில நல்ல கத்தோலிக்கர் தயங்குகிறார்கள். கருவில்லாத கர்ப்பப்பையில், ஒரு பெண்ணின் இரத்தத்தைக் காக்க வைத்தியர் இதைக் கொடுப்பதில் மனச்சாட்சிக்கு இடையூறு எதுவுமில்லை. ஆனால் வைத்தியர் கையால் அன்றி, கடையில் இரகசியமாக வாங்கிப் பாவிப்பது உயிருக்கு ஆபத்தானது.

பிரசவ வாட்டில் எல்லோருக்கும் பழக்கமான ஒக்சிடோசின் ஊசி ஏன் இங்கே பேசப்படவில்லை என்று மருத்துவ மாதுக்கள் கேட்கலாம். கர்ப்பிணியின் கர்ப்பப்பை அந்த மருந்துக்குச் செவிசாய்ப்பது போல, கர்ப்பமில்லாத கர்ப்பப்பை செவிசாய்ப்பதில்லை. அதன் மருந்தை ஏற்கும் பகுதிகள் அப்போது மிகக் குறைவு.

மூன்றாவது, அணையைக் காக்கும் மருந்து. காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து ஒரு அடைப்பு உண்டாகிறது. சிறிது நேரத்தில் உடலே அந்த அடைப்பைக் கரைக்கும் ஒரு பொருளையும் அனுப்புகிறது. ட்ரனெக்ஸாமிக் அசிட் என்ற மருந்து அந்தக் கரைக்கும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. புதிதாக அணை கட்டாமல், கட்டிய அணை அரிபடாமல் பார்த்துக்கொள்கிறது. சத்திரசிகிச்சை தொடங்கும்போது இதை நாளத்தின் வழியாக மெதுவாக ஏற்றுவார்கள்.

இந்த மருந்தின் வரலாறு நமது தாய்மார் அறிய வேண்டியது. ஜப்பானைச் சேர்ந்த உட்டாக்கோ ஒக்கமோட்டோ என்ற பெண் வைத்தியரும் அவருடைய கணவர் ஷொசுகேயும் யுத்தத்துக்குப் பின்னான வறுமையில் ஆராய்ச்சி செய்தார்கள். ஆராய்ச்சிக்குப் பொருள் போதாவிட்டால் தங்கள் சொந்த இரத்தத்தையே பாவிக்கலாம் என்பதும் அவர்கள் இரத்தத்தைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே அந்த அம்மையார் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். பிரசவத்தின்போது இரத்தம் போய் இறக்கும் தாய்மாரைக் காப்பதே அவருடைய நோக்கம். 1962ஆம் ஆண்டு இந்த மருந்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆனால் அவர் எண்ணிய பயனை உலகம் உறுதிப்படுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 21 நாடுகளில் 20,060 தாய்மாரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்து, பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கினால் ஏற்படும் மரணத்தை இம்மருந்து குறைக்கிறது என்று காட்டியது. விரைவாகக் கொடுத்தால்தான் பலன் என்பதும் அதில் தெளிவாயிற்று. அம்மையார் அதற்கு முந்திய ஆண்டு, 2016இல், காலமாகியிருந்தார்.

இவற்றைத் தவிர, சத்திரசிகிச்சைக்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே மாதம் ஒரு ஊசி கொடுத்து மாதவிடாயை நிறுத்தி, கட்டியைச் சுருங்கச் செய்யும் ஹோமோன் மருந்துகளும் உண்டு. அந்த இடைவெளியில் உடலில் இரத்தம் ஏறிவிடும். ஆனால் விலை அதிகம். சில வேளைகளில் கட்டிக்கும் தசைக்கும் இடையிலுள்ள எல்லை மங்கி, தோண்டி எடுப்பது கடினமாகும். யாருக்கு இது பொருந்தும் என்பதை நிபுணரே தீர்மானிப்பார்.

எவ்வளவு குறைகிறது?

மருந்தைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தக் கூடாது. கமரூன் நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர்களான யூஜின் கொங்யுய், சார்ள்ஸ் வைசொங்கே ஆகியோர் இந்தச் சத்திரசிகிச்சை பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 18 ஆய்வுகளும் 1,250 பெண்களும் அடங்கினர். தசையில் செலுத்தும் வாசோபிரெசின் சராசரியாகச் சுமார் 245 மில்லிலீற்றரும், மிசோப்ரொஸ்டோல் சுமார் 100 மில்லிலீற்றரும் இழப்பைக் குறைத்ததாக அவர்கள் கண்டார்கள். கர்ப்பப்பையின் கழுத்தைச் சுற்றி இறப்பர்க் குழாயைக் கட்டி இரத்தத்தைத் தற்காலிகமாகத் தடுக்கும் முறையும் பலன் தந்தது. ஒக்சிடோசின் பலன் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதையும் அவர்களே எடுத்துக் கூறினார்கள். ட்ரனெக்ஸாமிக் அசிட் இந்தச் சத்திரசிகிச்சையில் தரும் பலன் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. எனினும் 2022இல் வெளிவந்த, 22 நாடுகளில் பலவகைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளான 9,535 பேரைக் கொண்ட ஆய்வில், பெரிய இரத்தப்போக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

நூறு மில்லிலீற்றர் என்றால் அரைக் கோப்பைத் தேத்தண்ணி அளவுதானே என்று எண்ண வேண்டாம். மூன்று லீற்றர் கூட இல்லாத உடலுக்கு, அதுவும் ஏற்கெனவே வெளுத்துப்போன இரத்தத்துக்கு, அந்தக் கோப்பை பெரிது. இருநூற்றைம்பது என்றால், ஒருவர் தானம் செய்யும் இரத்தப் பையில் பாதிக்கும் மேல். வைத்தியர்கள் ஒரு மருந்தை மாத்திரம் நம்பியிருப்பதும் இல்லை. கட்டும் குழாயும், மருந்தும், விரைவாகத் தைக்கும் கையும் சேர்ந்தே இரத்தத்தைக் காக்கின்றன.

விலையும் கிடைக்கும் தன்மையும்

நல்ல மருந்து இருந்தும் கைக்குக் கிடைக்காவிட்டால் பயனில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான காலங்களில் விலை குறைந்த, குளிர்சாதனம் வேண்டாத மருந்துகளின் அருமை புரிகிறது.

இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். தமது குடும்பப் பெயரிலேயே ஊவாவின் பிபிலையைத் தாங்கிய பேராசிரியர் சேனக்க பிபிலே, 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனி சூட்டும் பெயரைப் பார்க்காமல் மருந்தின் இயற்பெயரைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் நாட்டுக்குக் கற்பித்தார். வெளியே மருந்து வாங்கச் சொன்னால், துண்டில் இயற்பெயரை எழுதித் தரும்படி நீங்களும் கேட்கலாம். அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கக்கூடும்.

காம்பராவிலேயே தொடங்கும் சிகிச்சை

வைத்தியர் எனக்குச் சொன்னவற்றில் மனதில் பதிந்தது ஒன்று: "ஃபாதர், தியேட்டருக்குள் நாங்கள் காப்பாற்றும் இரத்தத்தைவிட, வருவதற்கு முன்னர் அந்தப் பெண் வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளும் இரத்தம் அதிகம்." அதற்கு என்ன செய்யலாம்?

இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகக் குடியுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை ஏறலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். வயிறு தாங்காவிட்டால் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். நாளத்தின் வழியே ஏற்றும் இரும்பு மருந்தும் உண்டு.

மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்கவே கூடாது. நாம் பறிக்கும் அதே கொழுந்தின் சாயம் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் தேத்தண்ணியைத் தள்ளிவையுங்கள். அதற்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீர், கொய்யா, நெல்லி ஆகியவை இரும்புச்சத்து சேர உதவும்.

இடையில் மாதவிடாய் அதிகமாகப் போனால், ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரையை அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வைத்தியர் தருவதுண்டு. போக்கை மூன்றில் ஒன்று முதல் பாதி வரை குறைக்கும். ஆனால் காலில் அல்லது நெஞ்சில் இரத்தம் உறைந்த வரலாறு, வலிப்பு, சிறுநீரக நோய் ஆகியவை இருந்தாலோ, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை குடித்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். அயல் வீட்டாரின் மாத்திரையை வாங்கிக் குடிக்க வேண்டாம்.

டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மாத்திரைகளும் இரத்தத்தை இளக்கும் மருந்துகளும் இரத்தப்போக்கை அதிகமாக்கும். எதைக் குடிக்கிறீர்கள் என்பதை, நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு

1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'வெல் வுமன் கிளினிக்', சிங்களத்தில் 'சுவநாரி' எனப்படுவது, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கானது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாக நடைபெறுகிறது. உங்கள் பிரிவு மருத்துவ மாதுவிடம் நாள் கேட்டுச் செல்லுங்கள். வயது குறைந்தவர்கள் அதிகப்போக்கு இருந்தால் காத்திராமல் தோட்ட மருந்தகத்தின் ஊடாகவோ நேரடியாகவோ வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். "அரைப்பேர் போய்விடும்" என்று ஒரு நாளைத் தள்ளிப்போட்டு, பின்னர் ஒரு மாதத்தையே இழந்தவர்களை நான் அறிவேன்.

சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடும் முன்னர் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டுமா? எனது ஹீமோகுளோபின் எத்தனை, எத்தனை வரை ஏற வேண்டும்? இரத்தப்போக்கைக் குறைக்க என்ன மருந்து கொடுப்பீர்கள்? எனக்கு இரத்தம் ஆயத்தமாக இருக்கிறதா? தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. படிவம் விளங்காவிட்டால் விளக்கும்படி கேட்பது குற்றமல்ல. சிங்களம் தெரிந்த ஒருவரை, விரும்பினால் கணவரையும், உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் சில கடமைகள் உண்டு. சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. கொழுந்துக் கூடையும் தண்ணீர்க் குடமும் விறகும் பாரமே. வைத்தியசாலைக் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். எப்போது கருத்தரிக்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள், சில மாதம் பொறுக்கச் சொல்வார். கருத்தரித்தால், கர்ப்பப்பையில் தையல் இருக்கிறது என்பதை முதல் நாளே மருத்துவ மாதுவிடம் சொல்ல வேண்டும். சிலருக்குச் சிசேரியன் தேவைப்படும். கட்டி மீண்டும் வளரவும் கூடும் என்பதால் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

எத்தனை மருந்து இருந்தாலும் சிலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியே வரும். 2014ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் இரத்தம் முழுவதும் தன்னிச்சையான, பணம் பெறாத தானத்தினால் சேர்கிறது. இரத்தத்துக்கு விலை இல்லை, ஆனால் கொடுக்க ஆள் வேண்டும். பதினெட்டுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட சுகதேகிகள், ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேல் இருந்தால், நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். நமது பெண்கள் பலரால் இந்த அளவினால் கொடுக்க முடியாது. எனவே தோட்ட இளைஞர்களே, இது உங்கள் பங்கு. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் நமது மலைகளில், இரத்தம் முன்கூட்டியே வங்கியில் இருப்பது அவசியம். ஆலய மண்டபமோ கோவில் மண்டபமோ, இரத்ததான முகாமுக்கு இடம் கொடுக்க எந்த மதமும் தடையாக இருக்காது.

அந்தச் சகோதரியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நான் கேட்டு வந்ததை அவரிடமும் மாமியாரிடமும் கணவரிடமும் சொன்னேன். மூன்று மாதம் மாத்திரை குடித்தார். தேத்தண்ணியைத் தள்ளிவைத்ததுதான் மிகக் கஷ்டம் என்றார். ஹீமோகுளோபின் 10.4 கிராமுக்கு ஏறியது. புதிய தேதி வாங்கி, சத்திரசிகிச்சைக்குச் சென்றார். மூன்று கட்டிகளை எடுத்தார்கள். கர்ப்பப்பை இருக்கிறது. அவருக்கென ஆயத்தமாக வைத்திருந்த இரண்டு பை இரத்தமும் தேவைப்படாமல், வேறொருவருக்காக வங்கிக்குத் திரும்பிச் சென்றன.

பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. கட்டி போனால் பிள்ளை நிச்சயம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மாதத்துக்குப் பின் மறுபடியும் அந்த லயத்துக்குப் போனபோது காம்பரா பூட்டியிருந்தது. மாமியார் பீலிக்கரையிலிருந்து குரல் கொடுத்தார்: "அவ மலைக்குப் போயிட்டா சாமி. இன்னைக்கி முழுப்பேரு!"